ஈ கட்டும் கத்திரி

ரிட்டயர் ஆனவர் வீட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறார் என்பார்கள். நான் ஈ ஓட்டவில்லை, ஈ கட்டுகிறேன்.

தூண்டில் முள்ளின் மேல் நூல், சேவல் இறகு, மெல்லிய செப்புக் கம்பி இவற்றைச் சுற்றிப் பூச்சி மாதிரி செய்வது. ட்ரௌட் மீன் ஏமாந்து கவ்வும். ஆங்கிலத்தில் ஃப்ளை, நான் பள்ளியில் படித்த பிரெஞ்சில் மூஷ். இரண்டும் ஈதான். எழுபதுகளின் கடைசியில் ஊட்டியில் குமாஸ்தாவாக இருந்தபோது ஆபீஸில் ஒரு பெரியவர் கற்றுக்கொடுத்தார். நீலகிரி ஓடைகளில் ட்ரௌட்டைக் கொண்டுவந்து விட்டவர்கள் வெள்ளைக்காரர்கள். அவலாஞ்சியில் அதற்குக் குஞ்சு பொரிப்பகமே உண்டு. பல்லாவரத்தில் ட்ரௌட் ஏது என்று கேட்காதீர்கள். காலைக் காபிக்குப் பிறகு இரண்டு ஈ கட்டினால் எனக்கு அன்றைய பொழுது ஒழுங்காகப் போகும். கட்டியதை வருஷத்துக்கு ஒரு முறை குன்னூர் நண்பருக்கு அனுப்பிவிடுவேன்.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் முள், இறகு, முள்ளைப் பிடிக்கும் கிடுக்கி என்று செலவழித்துவிட்டு, கத்திரிக்கு மட்டும் மேஜை டிராயரில் கிடப்பதை எடுத்துக்கொள்கிறார்கள். என் அபிப்பிராயம் இது: முதலில் வாங்கவேண்டியது கத்திரி. அதையும் ஒன்றாக வாங்காதீர்கள், இரண்டாக வாங்குங்கள். வீட்டில் எல்லா வேலைக்கும் ஒரே கத்திரி என்கிற பழக்கம்தான் கத்திரியைக் கொல்கிறது. இதை நான் நஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டேன்.

என் மனைவியும் புதுச்சேரிதான். கல்யாணத்துக்கு முன் கன்னியாஸ்திரீகளிடம் எம்பிராய்டரி கற்றவள். அப்போது அவள் அம்மா வாங்கிக்கொடுத்த கொக்குக் கத்திரி ஒன்று அவளிடம் இருந்தது. கொக்கின் அலகுதான் வெட்டும் பாகம். ரிட்டயர் ஆன புதிதில் ஒருநாள் அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம், அதை எடுத்துச் செப்புக் கம்பியை நுனியால் வெட்டினேன். மயிரிழைக் கம்பிதானே என்ற நினைப்பு. நுனியில் ஒரு சின்ன வடு விழுந்தது. எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அவள் பல்லால் நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சரிசெய்கிறேன் பேர்வழி என்று தெருவில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். அவர்மேல் தப்பில்லை. அரிவாள்மனைக்கும் தையல்காரர் கத்திரிக்கும் ஏற்ற சக்கரம் அது. அலகு தேய்ந்து, இரண்டு நுனியும் சேராமல் போய்விட்டது.

கத்திரிக்குப் பிரெஞ்சில் பன்மைதான், சிஸோ என்போம். அதே சொல்லை ஒருமையில் சொன்னால் உளி. சின்ன வயதில் இது வேடிக்கையாக இருந்தது. இப்போது நியாயம் புரிகிறது. ஓர் அலகு எவ்வளவு கூராக இருந்தும் பயனில்லை, இரண்டும் நுனிவரை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே போகவேண்டும். ஆகையால் தீட்டுவதானால் வெளிப்பக்கச் சரிவை மட்டும் நைஸான கல்லில் நாலைந்து இழுப்பு இழுங்கள். இரண்டு அலகும் உரசும் உள்பக்கத்தைத் தொடவே கூடாது. உப்புத்தாளை வெட்டினால் கூராகும் என்பார்கள். பிசிறு போகலாம், கூர் வராது.

வாங்குவதற்கு எனக்கு வெள்ளிக்கிழமைச் சந்தை போதும். பழைய டிரங்கு ரோட்டில் பழைய சாமான் குவியலில் ஆபரேஷன் கத்திரிகள் சில சமயம் அகப்படும். இது மட்டமான யோசனை இல்லை. பாகிஸ்தானில் ஆபரேஷன் கருவிகளுக்குப் பேர்போன சியால்கோட்டில்தான் வெளிநாடுகளில் விற்கும் ஈ கட்டும் கத்திரிகளும் நிறையத் தயாராகின்றன. நம் நாட்டில் 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மீரட் கத்திரி, தாத்தா வாங்கிப் பேரன் வெட்டுவது என்று பெயரெடுத்தது. ஆனால் அது துணிக்கு. நமக்கு நாலு அங்குலம் போதும்.

சட்டைப்பையில் கொஞ்சம் நூலும் ஒரு இறகும் கொண்டுபோங்கள். நுனியால் மட்டும் வெட்டிப் பாருங்கள். மென்று விழுங்கினால் வேண்டாம். மூடி வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் மெல்லிய இடைவெளி தெரியவேண்டும், நுனி சேர்ந்திருக்கவேண்டும். வளையத்தில் விரல் தாராளமாக நுழையவேண்டும், ஏனென்றால் கத்திரியை விரலில் மாட்டிக்கொண்டேதான் நூலைச் சுற்றுவோம். தறையாணியைவிடத் திருகாணி நல்லது, லூஸானால் முறுக்கிக்கொள்ளலாம்.

வாங்கிய பின் வேலை அதிகமில்லை. நுனி நூலுக்கும் இறகுக்கும் மட்டும். கம்பிக்கு இரண்டாவது கத்திரி, அதிலும் திருகாணிக்குப் பக்கத்தில் வைத்து வெட்டவேண்டும். முடிச்சில் பூசும் வார்னிஷ் அலகில் ஒட்டினால் அன்றே துடைத்துவிடவேண்டும். நம் ஊர்க் காற்றில் எவர்சில்வரும் துருப்பிடிக்கும், ஆகவே மாதம் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். நுனிக்குச் சைக்கிள் வால்வ் டியூபில் ஒரு துண்டு. கீழே விழுந்தால் நுனிதான் முதலில் போகும். பால் பாக்கெட் வெட்ட யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கஞ்சன் என்று சொன்னால் சொல்லட்டும்.

மனைவிக்குப் புதிதாக ஒரு கொக்குக் கத்திரி வாங்கிக்கொடுத்தேன். நன்றாகத்தான் வெட்டுகிறது, அதில்தான் தைக்கிறாள். பழையது அவள் நூல் டப்பாவில் அடியில் இருக்கிறது. ஒருநாள் அதைக் கம்பிக்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "இன்னுமா?" என்றாள். அதோடு கேட்பதை விட்டுவிட்டேன்.