சுத்தபோசன நாளுக்கு ஓர் எள் தொடுகறி



தவக்காலம் வந்துவிட்டால் நம் இல்லங்கள் சிலவற்றில் ஒரு விந்தை நிகழ்கின்றது. சுத்தபோசன நாளென்று இறைச்சியை விலக்குகிறோம். அதற்கு ஈடாக வஞ்சிர மீனும் இறாலும் வாங்கி, வழக்கத்தைவிட மிகுதியாகச் செலவிடுகிறோம். திருச்சபையின் கட்டளை காக்கப்படுகின்றது; ஒறுத்தல் எங்கே போயிற்று?

ஆண்டவர் வாழ்ந்த நாட்டிலும், அண்டையிலுள்ள லெபனான், சிரியா நாடுகளிலும் வாழும் கீழைத் திருச்சபையினரின் பழைய ஒழுங்கு நம்முடையதினும் கடுமையானது. நோன்பு நாட்களில் இறைச்சியோடு பால், வெண்ணெய், முட்டை ஆகியவற்றையும் அவர்கள் விலக்குவர். அந்நாட்களில் உணவுக்குச் சுவையும் வலுவும் தருவது எள்ளை அரைத்த விழுதே. 'அரைத்தல்' எனப் பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து 'தஹினி' என்னும் பெயர் அதற்கு வந்தது. பாலஸ்தீனத்து நாபுலுஸ் நகரம் தஹினிக்குப் பெயர்பெற்றது. சமாரியப் பெண்ணோடு ஆண்டவர் உரையாடிய யாக்கோபின் கிணறு இருப்பதும் அங்கேதான்.

எள் நமக்குப் புதிதன்று. அதன் தாயகமே இந்தியத் துணைக்கண்டம் என்பர் தாவர நூலார். எள்ளில் ஏறத்தாழப் பாதி எண்ணெய். ஐந்தில் ஒரு பங்கிற்குச் சற்றுக் குறைவாகப் புரதமும் உண்டு.

விழுது செய்யும் முறை: தோல் நீக்கிய வெள்ளை எள் 1 கோப்பை எடுத்து, இளந்தீயில் கைவிடாது வறுக்கவும். மணம் எழுந்து, நிறம் சற்றே மாறியதும் இறக்கிவிடுக. சிவக்க விட்டால் கசக்கும். நன்கு ஆறியபின் மிக்ஸியில் பொடித்து, நல்லெண்ணெய் 3 மேசைக்கரண்டியைச் சிறிது சிறிதாக விட்டு, வழவழப்பாகும்வரை அரைக்கவும். ஈரமற்ற கண்ணாடிச் சீசாவில் வைத்தால் பல நாட்கள் கெடாது.

தொடுகறி செய்யும் முறை: பூண்டு 2 பல்லை அரைத் தேக்கரண்டி உப்புடன் நசுக்கி, 2 எலுமிச்சம்பழச் சாற்றில் கலக்கவும். இதனை அரைக் கோப்பை விழுதில் ஊற்றிக் கிளறவும்.

இவ்விடத்தில்தான் பலர் மனம் தளர்வர். நீர்த்துப்போக வேண்டிய விழுது கட்டியாக இறுகிவிடும். அஞ்ச வேண்டாம். எண்ணெய்ப் பசையுள்ள விழுதில் சிறிதளவு நீர் பட்டதும், எள்ளின் நுண்துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. குளிர்ந்த நீரை ஒவ்வொரு கரண்டியாக விட்டு, விடாது அடித்துக் கலக்குக. ஆறேழு கரண்டி சேர்ந்ததும் எண்ணெய் நுண்துளிகளாகி நீரோடு கலக்கும். இறுகியது இளகிப் பால்போல் வெளுக்கும்.

சப்பாத்தி, அவித்த கொண்டைக்கடலை, வாட்டிய கத்தரிக்காய் ஆகியவற்றுக்கு இது நல்ல துணை. நால்வருக்குப் போதும். நீர் சேர்த்த தொடுகறியை அன்றே உண்டு முடிப்பது நலம். எள் சிலருக்கு ஒவ்வாது. தடிப்போ மூச்சுத் திணறலோ கண்டவர்கள் இதனைத் தொடலாகாது. அத்தகையோர் விருந்தினராக வந்தால் முன்னரே சொல்லிவிடுங்கள்.

செலவு சிறிது, பசியும் அடங்கும். அன்று மீனுக்கென ஒதுக்கிய பணத்தில் எஞ்சியதை என்ன செய்வது? பசித்தோருடன் உணவைப் பகிர்வதே இறைவன் விரும்பும் நோன்பு என எசாயா இறைவாக்கினர் நூலின் 58ஆம் அதிகாரம் நமக்குக் கற்பிக்கின்றது. அப்பணத்தைப் பிள்ளைகளின் கையில் கொடுத்து, கோவிலில் ஏழைகளுக்கென வைத்துள்ள பெட்டியில் போடச் செய்யுங்கள். நோன்பின் பொருளை அவர்கள் அன்று அறிந்துகொள்வர்.