கைரேகையும் கல்விப் பட்டமும்!

பொழுது புலருமுன் எழுந்து, மதுரை வீதியைக் கூட்டி முடித்து, வேப்பமர நிழலிலே சற்றே சாய்கிறாள் தூய்மைப் பணி புரியும் தாய் ஒருத்தி. காகிதக் கட்டுடன் அருகே வந்து அமர்கிறார் ஆராய்ச்சி மாணவர். கேள்விகள் கிளம்புகின்றன. கூலி எவ்வளவு? கடன் எவ்வளவு? கணவன் குடிப்பானா? கையுறை தந்தார்களா? எத்தனை நாள் நோயில் படுத்தாய்? ஒன்றையும் ஒளிக்காமல் சொல்கிறாள் அந்தத் தாய். இறுதியில், சம்மதத்துக்கு ஒரு கையெழுத்து. எழுதத் தெரியாதா? கவலையில்லை, கைரேகை போதும்!

ஆண்டுகள் உருளுகின்றன. மாணவர் முனைவராகிறார். மாலை விழுகிறது, மதிப்பு உயருகிறது. அந்தத் தாயோ அதே வீதியில், அதே துடைப்பத்துடன்! தான் சொன்னது என்னவாயிற்று என்பதுகூட அவளுக்குத் தெரியாது. அது ஆங்கிலத்திலே அச்சாகி, அலமாரியிலே அடைக்கலம் புகுந்துவிட்டது.

கைரேகை என்றதும் மதுரைச் சீமைக்கு ஒரு நினைவு வரும், நெஞ்சம் பதறும். பிறந்த குலத்தைக் காட்டிக் குற்றவாளி என்று முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தை, மக்கள் 'ரேகைச் சட்டம்' என்றுதான் அழைத்தனர். பெயரைப் பதிவு செய், ரேகையைக் கொடு என்றது வெள்ளை அரசு. மறுத்து நின்றது உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கி பேசிற்று. பதினாறு பேர் மாண்டனர். மாயக்காள் என்ற வீரப்பெண் அவர்களில் ஒருவர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது 1947இல்தான்.

அந்த ரேகையும் இந்த ரேகையும் ஒன்றா? அல்ல, அல்ல! அது அடக்க வந்த அரசு எடுத்தது; இது அறிய வந்த மாணவர் கேட்டுப் பெறுவது. ஆனால் ஏழை எளியோரைப் பற்றிய குறிப்பு எவர் கையில் இருக்கிறது, எதற்குப் பயன்படுகிறது என்ற கேள்வி இருக்கிறதே, அது அன்றும் இன்றும் ஒன்றுதான்!

ஆராய்ச்சியே ஆகாது என்பவர்களல்ல நாம். 1936இல் பம்பாயில் சமூகப் பணிக்கென்று பள்ளி தோன்றிற்று. 1952இல் சென்னையில் தோன்றிற்று. 1962இல் மதுரையிலேயே கல்லூரி எழுந்தது. 1966இல் பல்கலைக்கழகமும் வந்தது. வரவேற்கிறோம். ஆனால் இந்தக் கல்விக்குச் 'சமூகப் பணி' என்று பெயர் வைத்தார்களே, பெயரிலே இருக்கும் பணி பட்டத்திலே இருக்க வேண்டாமா?

ஆய்வு ஆயுதமாக முடியும் என்பதற்குச் சான்று உண்டு. மனிதன் மலத்தை மனிதன் அள்ளும் கொடுமைக்கு 1993இல் சட்டம் தடை போட்டது. எங்கள் மாநிலத்தில் அப்படி ஒருவருமில்லை என்று அரசுகள் பல கைவிரித்தன. அந்தத் தொழிலில் தள்ளப்பட்ட குடும்பத்திலே, கோலார் தங்கவயலில் பிறந்த பெசவாடா வில்சனும் அவரது தோழர்களும் தெருத்தெருவாக நடந்தார்கள், படம் எடுத்தார்கள், கணக்கு எடுத்தார்கள். 2003இல் உச்சநீதிமன்றப் படியேறினார்கள். 2014இல் தீர்ப்பு வந்தது: சாக்கடைக் குழியில் மாண்டவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று. 2023இல் வேறொரு வழக்கிலே அத்தொகை முப்பது லட்சமாயிற்று. போன உயிர் ரூபாயால் திரும்பாது. ஆனாலும் இல்லை என்று சாதித்த வாயை அடைத்தது எது? தெருவிலே திரட்டிய கணக்கு! அதுவன்றோ ஆய்வு!

மாணவர் மீது பழி போடுவது நம் நோக்கமல்ல. அவரும் பலவேளை நம் வீட்டுப் பிள்ளைதான். குடும்பத்திலே முதன்முதல் கல்லூரி வாயில் மிதித்தவராகவும் இருப்பார். உதவித்தொகை கிடைக்குமோ கிடைக்காதோ என்ற ஏக்கம் அவருக்கு. ஏட்டை எழுதி முடி, வீதியை மறந்துவிடு என்கிற ஏற்பாட்டைத்தான் குறை கூறுகிறோம்.

நாம் கேட்பது அதிகமில்லை. ஆய்வு முடிந்ததும், கண்டது என்ன, செய்ய வேண்டியது என்ன என்று நல்ல தமிழில் நாலு பக்கம் எழுதட்டும். பேசிய மக்களின் தெருவிலேயே நின்று அதைப் படித்துக் காட்டட்டும். தவறு இருந்தால் அவர்கள் திருத்தட்டும். கையுறை இல்லை, கூலி பாக்கி என்று கண்டிருந்தால், அந்தப் பக்கங்களின் படி ஒன்று தொழிற்சங்கத்துக்கும், மற்றொன்று மாநகராட்சிக்கும் போகட்டும்.

பட்டத்துக்கு முன்னே ஒரு தேர்வு நடக்கிறதே, அதற்குப் 'பொது வாய்மொழித் தேர்வு' என்று பெயர். பொது என்றால் யார்? பேராசிரியர் மட்டுமா? வேப்பமரத்தடித் தாய் அந்தப் பொதுவிலே சேர்த்தியில்லையா? முன்வரிசையிலே அவளுக்கு ஒரு நாற்காலி போடுங்கள்!

தோழர்களே! உங்கள் தெருவுக்கும் காகிதக் கட்டுடன் ஒரு தம்பியோ தங்கையோ வரக்கூடும். விரட்டாதீர்கள்; உட்கார வையுங்கள்; தேநீர் கொடுங்கள். சொல்ல விரும்பாததைச் சொல்லாதிருக்க உங்களுக்கு உரிமை உண்டு, அதையும் மறவாதீர்கள். பிறகு, ரேகை வைக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"எழுதி முடித்ததும் எங்களிடம் திரும்பி வருவாயா?"