கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்குமா?

கணினி பொய் சொல்லாது என்பது நம் காலத்தின் புதிய மூடநம்பிக்கை. பழைய மூடநம்பிக்கைகளைப் போலவே இதுவும் மனிதர்களைக் காவுகொண்டிருக்கின்றது. பிரித்தானியத் தபாலகங்களில் நடந்தேறிய அவலமே அதற்குச் சான்று.

1999ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுத் தபாலகங்களில் 'ஹொரைசன்' என்னும் கணக்கியல் மென்பொருள் பொருத்தப்பட்டது. புஜிட்சு நிறுவனம் அதனைப் பராமரித்தது. விரைவிலேயே, ஊர்க் கடைகளில் தபாலகம் நடத்திவந்த உப தபாலதிபர்கள் பலரின் கணக்கில் பணம் குறைவதாகத் திரை காட்டத் தொடங்கியது. அந்தக் குறையை அவர்களே ஈடுசெய்ய வேண்டும் என்று தபால் நிறுவனம் வற்புறுத்தியது. சிலர் சேமிப்பை இழந்தனர். சிலர் வீட்டை இழந்தனர். சீமா மிஸ்ரா என்பவர் 2010இல் கர்ப்பிணியாக இருந்தபோதே சிறை சென்றார். 2015 வரையில் 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். குறைந்தது 13 பேர் இதனால் தம்முயிரை மாய்த்திருக்கலாம் என்கிறது பொது விசாரணைக் குழு 2025 ஜூலையில் வெளியிட்ட அறிக்கை.

மென்பொருளில் பிழை நேர்வது இயல்பு. 2015இல் ஸ்கொட்லாந்தின் டல்மெலிங்டனில் நடந்ததைப் பாருங்கள். 8,000 பவுண் வந்ததாகப் பதிந்த பின்னும் திரை மாறவில்லை. விசை மீண்டும் மீண்டும் அழுத்தப்பட்டது. அத்தொகை நான்கு தடவை பதிவாகி, 24,000 பவுண் குறைவதாகக் கணக்குக் காட்டியது. கை கடந்து போகாத பணம் காகிதத்தில் களவு போயிற்று!

நான் குறை காண்பது இந்தப் பிழையிலன்று. பிழை நேரும் என்பதை எண்ணிப்பாராமல் அமைக்கப்பட்ட முறைமையில்தான். கணக்கை ஏற்காவிடில் அடுத்த கணக்குக் காலத்திற்குச் செல்ல முடியாது. 'இதனை மறுக்கிறேன்' என்று பதிவதற்குத் திரையில் ஒரு பொத்தான்கூட இருக்கவில்லை. உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்த பலருக்கு, 'உங்களுக்கு மட்டும்தான் இப்படி' என்ற பதிலே கிடைத்தது.

இதனினும் கொடியது மற்றொன்று. புஜிட்சு ஊழியர்கள் தொலைவிலிருந்தே, தபாலதிபர் அறியாமல், அவரது கணக்கில் பதிவுகளைச் சேர்க்க முடிந்தது. அப்படி முடியாது என்றே தபால் நிறுவனம் ஆண்டுக்கணக்காகச் சாதித்துவந்தது. நமது பழைய கணக்குப் பேரேட்டில் ஒரு தொகையை வெட்டி எழுதினால் அருகே ஒப்பமிட வேண்டும். அந்த எளிய ஒழுக்கம்கூட இங்கே இருக்கவில்லை.

சட்டமும் கைவிட்டது. கணினிச் சான்றை முன்வைப்போர் அக்கணினி ஒழுங்காக இயங்கியதை நிறுவ வேண்டுமென 1984ஆம் ஆண்டுச் சட்டம் விதித்திருந்தது. இங்கிலாந்தில் 1999ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் அப்பிரிவு நீக்கப்பட்டது. கணினி சரியே என்ற அனுமானம் நிலைத்தது. மென்பொருளின் உள்ளே எட்டிப்பார்க்கவும் வழியற்ற கடைக்காரர் அதன் தவறை எங்ஙனம் நிரூபிப்பார்?

2009இல் இதனை வெளிக்கொணர்ந்தது 'கொம்பியூட்டர் வீக்லி' என்ற துறைசார் சஞ்சிகை. ஒரு பத்திரிகையாளன் என்ற வகையில் எனக்கு அதில் நிறைவுண்டு. 555 பேர் தொடுத்த வழக்கில், பழைய ஹொரைசன் நம்பத்தகுந்ததன்று என 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், தண்டனைகளை மொத்தமாக நீக்கும் சட்டம் 2024 மே மாதத்தில்தான் வந்தது. அதற்கும் அவ்வாண்டு ஜனவரியில் ஒளிபரப்பான தொலைக்காட்சி நாடகமொன்று நாட்டை உலுக்க வேண்டியிருந்தது.

வெளியிலிருந்து வரும் திருடனைத் தடுப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. உள்ளிருப்பவர் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் பெயருடனும் நேரத்துடனும் அழியாது பதிய வேண்டும். பயன்படுத்துவோர் மறுப்புத் தெரிவிக்க வழி வேண்டும். அம்மறுப்பை ஆராய்பவர், மென்பொருளை விற்றவராகவோ வாங்கியவராகவோ இருத்தலாகாது. வங்கி, வரி, குடிவரவு என வாழ்வின் கதவுகளெல்லாம் கணினியின் கையிலுள்ள காலமிது. 'கணினி அப்படித்தான் காட்டுகிறது' என்று ஓர் அலுவலர் சொல்லும்போது, 'அது சரியென்பதை எனக்குக் காட்டுங்கள்' என்று கேட்கும் உரிமை நமக்கு வேண்டும்.