உளநோய் மருத்துவமும் அநாத்மவாதமும்

சென்னையின்கண் மயிலை, தியாகராயநகர், அடையாறு முதலிய பகுதிகளில் உளநோய் தீர்ப்பார் பலர் இந்நாளில் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்னும் பயிற்சியைத் தம்பால் வருவார்க்குக் கற்பித்து வருகின்றனர். மூச்சின் போக்குவரவை நோக்கியிருத்தலும், உடலிற் றோன்றும் உணர்ச்சிகளை முறையே உற்றறிதலும், எழுகின்ற எண்ணங்களைப் பற்றாதும் வெறாதும் கண்டிருத்தலும் அதன் உறுப்புக்களாம். இது புதுவதன்று. பாலி நூல்களிற் ‘சதி’ எனவும் தமிழில் நற்கடைப்பிடி எனவும் வழங்கும் பௌத்தர் பயிற்சியே, அமெரிக்க நாட்டு மாசாசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 1979-ஆம் ஆண்டு ஜான் கபாட்-சின் என்பவரால் நெடுநாட் பிணியாளர் பொருட்டுப் பாடமாக வகுக்கப்பட்டது.

பயனுண்மையை மறுத்தல் நேர்மையன்று. டீஸ்டேல் முதலியோர் 2000-ல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றுளது. மனச்சோர்வு நோய் மும்முறையோ அதன்மேலோ வந்து நீங்கியவருள், வழக்கமான மருத்துவம் மட்டும் பெற்றாரில் நூற்றுக்கு 66 பேர்க்கும், இப்பயிற்சியும் உடன்பெற்றாரில் 37 பேர்க்கும், ஓராண்டிற்குச் சற்றேறிய காலத்துள் நோய் மீண்டது என்பது அதன் முடிபு. மருந்தினாற் பிணி நீங்குமாயின், அது யார் தோட்டத்து விளைந்தது என வினாவுதல் பிணியாளன் கடமையன்று. ஆயின் மருந்தொடு கலந்து வரும் பிறிதொன்றை ஆராய்தல் அறிஞர் கடமையாம்.

அப்பிறிதொன்று யாதோவெனின், அநாத்மவாதம் என்க. ‘நான் என ஒரு பொருளில்லை, உருவம், வேதனை, குறிப்பு, பாவனை, விஞ்ஞானம் என்னும் ஐங்கந்தங்கள் கணந்தோறுந் தோன்றி அழியும் தொடர்ச்சிக்கே அப்பெயர், இதனை உணர்ந்தவழித் துயர் கழலும்’ என்பது அவ்வாதம். பௌத்த உளவியல் என்னும் பெயரால் எழுந்த நூல்கள் பலவும், அவற்றைப் பயின்ற உளமருத்துவர் சிலரும், இதனையே பயிற்சியின் உயிர்நிலையாகக் கொள்கின்றனர். ‘கொள்கையை விடுத்துப் பயிற்சியை மட்டுமே கொண்டோம்’ என்பார் வேறு சிலர். அவர் அதற்குப் பௌத்தம் என்னும் பெயரையும் விடுவாராயின் அவரோடு வழக்கில்லை.

இக்கொள்கை மயிலைக்குப் புதியதும் அன்று. விசுத்திமக்கம் இயற்றிய புத்தகோசர், தம் மச்சிம நிகாய உரையின் இறுதியில், புத்தமித்திரர் என்னும் தேரரோடு மயூரபட்டினத்தில் உறைந்த செய்தியைக் குறிக்கின்றார். அப்பட்டினம் மயிலாப்பூரே என்பர் ஆராய்ச்சியாளருட் சிலர். அஃதுண்மையாயின், கடல்கடந்து சென்று மருத்துவக் கோலம் பூண்டு மயிலைக்கு மீண்டிருப்பது பழைய விருந்தாளியே! அவ்விருந்தாளிக்கு அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியார் பரபக்கத்திற் சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர் என நால்வரையுந் தனித்தனி நிறுத்தி விடையளித்துள்ளார். சைவர் அவ்விடையை ஏட்டோடு கட்டி வைத்தனர். மருத்துவமனை வாயிலில் அது கேட்கப்படவில்லை.

மருத்துவர் நோயாளியை நோக்கி, ‘நும் உள்ளத்து இப்பொழுது எழுவது யாது? அதனைக் காண்மின்’ என்கின்றார். எண்ணம் ஈண்டுக் காணப்படு பொருளாயிற்று. காணப்படு பொருள் தன்னைத் தானே காணமாட்டாது, குடம் தன்னைக் காணாமை போல. ஆகலின், எண்ணத்தின் வேறாய் நின்று, அது வருதலையும் நிற்றலையும் போதலையும் அறிவதொன்று வேண்டும். இல்லையென மறுக்கும் அறிவுதானே ஆன்மா உண்மைக்குச் சான்றாதலை மெய்கண்டார் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் நிறுவினார். மனம் முதலிய அந்தக்கரணங்கள் ஆன்மாவல்ல, அரசற்கு அமைச்சர்போல அதற்குத் துணையாவன என்பதை நான்காஞ் சூத்திரத்தில் விளக்கினார். ‘நீவிர் எண்ணம் அல்லீர்’ என மருத்துவர் கூறி ஆற்றுவிக்குஞ் சொல் சித்தாந்தத்தின் பாற்பட்டது. ‘எண்ணத்தின் வேறாக நீவிரும் இல்லை’ என அதன்மேற் கூட்டுஞ் சொல்லே பௌத்தத்தின் பாற்பட்டது. முன்னது நோயைத் தீர்க்கின்றது. பின்னது தீர்ந்தவனை ஒழிக்கின்றது.

அற்றன்று, விளக்கின் சுடர் கணந்தோறும் வேறாயினும் ஒன்றுபோற் றொடர்தல்போல, நோயாளியும் சந்தானத்தால் ஒருவனாவான் எனின், அதுவும் பொருந்தாது. சுடரின் தொடர்ச்சியை ஒன்றெனவோ பலவெனவோ அறிவது சுடரன்று, அருகிருந்து நோக்கும் ஒருவனே. கடந்த கிழமை அழுதவனும், இக்கிழமை வந்து ‘அன்று அழுதேன், இன்று அழுகை குறைந்தது’ என்பவனும் ஒருவனல்லனாயின், குறைந்தது எனச் சொல்வார் யார்? மேற்காட்டிய 66, 37 என்னும் கணக்குத்தானும், நோய் நீங்கினவனுக்கே அது மீண்டது என ஒருவனையே ஈரிடத்தும் வைத்து எண்ணியதன்றோ? அபிதர்ம நூலாகிய தம்மசங்கணியை 1900-ல் ஆங்கிலத்திற் பெயர்த்து, 1914-ல் பௌத்த உளவியல் என்னும் பெயராலே நூலும் எழுதிய காரொலைன் ரைஸ் டேவிட்ஸ் அம்மையார், தம் பிற்காலத்தில், ஆன்ம மறுப்புப் புத்தரின் முதலுபதேசம் அன்றெனவே வழக்கிட்டார். பௌத்த அறிஞர் பலர் அதனை ஏற்றிலர். எனினும் அந்நூல்களில் நெடுநாட் றோய்ந்த ஒருவர்க்கே அம்மறுப்பு உறுத்திற்று என்பது கருதத்தக்கது.

இது வெறுஞ் சொற்போரன்று. ‘யான் உளனோ இலனோ, என் உடலும் எண்ணமும் பிறனுடையனபோல் இருக்கின்றன’ என நடுங்கி வருவாரும் உளர். உளமருத்துவ நூல்கள் அதனைத் தனியொரு நோயாக எண்ணுகின்றன. அத்தகையார்க்கு ‘நான்’ என்பது பொய்யென உபதேசித்தல், நீரில் ஆழ்வானுக்கு நீந்துவான் இல்லையென அறிவுறுத்தலோடு ஒக்கும். திருமுடிவாக்கத்திற் பத்துநாள் விபசனைப் பாடம் நடத்தும் கோயங்கா மரபினர், கடிய மனநோயுற்றார் அதனை மேற்கொள்ளற்க எனவும், அது மருத்துவத்திற்கு ஈடாகாது எனவும் தாமே விதித்துள்ளனர். பாடத் தொடக்கத்திற் பஞ்சசீலமும் ஏற்பிக்கின்றனர். இவ்வரம்பெல்லாம் களைந்து பயிற்சியை மட்டும் கடன்கொண்டாரே அஞ்சத்தக்கவர்.

இனிச் சைவருள்ளும் ஒருசாரார் குற்றம் இதனிற் சிறிதன்று. மனங்குலைந்த மகனையோ மகளையோ மருத்துவரிடம் உய்க்காது, ‘வினை, அநுபவித்தே தீரவேண்டும்’ என வாளா இருப்பர். மனம் கருவியென்பதே சித்தாந்தமாயின், கருவி பழுதுறும். கண்ணோய்க்கு மருத்துவரை நாடுவார் மனநோய்க்கு நாணுதல் தம் சாத்திரத்தைத் தாமே மறுத்தலாம். பயிற்சியால் மனம் அடங்குவது கருவி செம்மையுறுதலே. ஆணவமோ செம்பிற் களிம்புபோல உயிரைப் பற்றியது. அது திருவருளாலன்றி நீங்காது. இவ்விரண்டையும் மயக்கிச் சிகிச்சையை முத்தியென விற்றலும், முத்தியைச் சொல்லிச் சிகிச்சையைத் தடுத்தலும் ஒருபடித்தான பிழைகளே.

மயிலையிற் சிவநேசர், அரவு தீண்டி இறந்த தம் மகளின் என்பையுஞ் சாம்பரையும் குடத்திலிட்டுக் காத்திருந்தார். அத்துயரை நோக்கி ஆளுடைய பிள்ளையார், துயருறுவான் ஒருவன் இல்லையென்று தேற்றினாரல்லர். இறந்தவளைப் பாட்டுத்தோறும் பெயர்சொல்லி விளித்தார். கபாலீச்சரத்து விழாக்களை ஒவ்வொன்றாய் எடுத்தோதினார். விளிக்கப்படுவாள் ஒருத்தி உண்டென்பதே அப்பதிகத்தின் அடிநிலை. பங்குனி விழாவில் அறுபத்துமூவர் திருநாளன்று அந்நிகழ்ச்சியைக் கண்டு கைகூப்புவோர், தெருக்கோடியிலுள்ள உளமருத்துவர்க்கு அதன் பொருளைச் சொல்லியதுண்டோ?

ஈழத்துப் பத்மசிரி டி சில்வா என்னும் பேராசிரியர் பௌத்த உளவியலுக்கு 1979-லேயே அறிமுகநூல் எழுதினார். அந்தக்கரணங்களின் தொழிலும் ஐந்தவத்தையின் இயல்பும் உளமருத்துவர் கைக்கொண்டு பயிலுமாறு, கலைச்சொற் சுமை குறைந்த தமிழில், அதனொடு ஒப்ப வைத்தற்குரிய நூலொன்றை ஆதீனங்களும் சென்னைப் பல்கலைக்கழகத்துச் சைவசித்தாந்தத் துறையும் கூடி ஆக்கித் தருக. மாநாட்டு மலர்கள் ஓராண்டு தாழ்ப்பினும் இழுக்கில்லை.