கெட்டியாக இருந்தால் நல்ல ஃபோர்க் ஆகிவிடுமா?

முன்சக்கரம் பள்ளத்தில் விழும்போதெல்லாம் கை உதறுகிறது, மணிக்கட்டு வலிக்கிறது என்று பைக்கைப் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போனால், நம் ஊரில் பெரும்பாலும் ஒரே வைத்தியம்தான். "ஆயில் இளகிப்போச்சுண்ணே, கெட்டி ஆயில் ஊத்திட்டா சரியாயிடும்." பல இடங்களில் ஊற்றுவது ஃபோர்க் ஆயில்கூட இல்லை, இன்ஜினுக்கு வாங்கிய 20டபிள்யூ-40 டப்பாவில் மிச்சம் கிடந்தது. வேலை முடிந்ததும் முன் பிரேக்கைப் பிடித்தபடி ஹேண்டில்பாரை நாலு அமுக்கு அமுக்கிக் காட்டுவார்கள். "பாருங்க, எப்படிக் கெட்டியா நிக்குது!" வண்டிக்காரரும் திருப்தியாகக் காசை எண்ணிக் கொடுப்பார்.

இந்த நம்பிக்கை தவறு. நாள் முழுக்கச் சாப்பாட்டுப் பையோடு அலையும் டெலிவரிப் பையன்களும், விடியற்காலையில் கேன் கட்டிப் போகும் பால்காரர்களும், கைக்குழந்தையோடு பின்னால் உட்கார்ந்து வரும் பெண்களும் அந்தத் தவறுக்குத் தோளாலும் முதுகாலும் விலை கொடுக்கிறார்கள். அதனால்தான் இதைப் பட்டறைச் சமாச்சாரம் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை.

முன்சக்கரத்தை இருபுறமும் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆயில் எதையும் தாங்குவதில்லை. ஸ்பிரிங் அமுங்கும் வேகத்தையும் திரும்ப எழும்பும் வேகத்தையும் அடக்குவது மட்டுமே அதன் வேலை. 1935இல் பிஎம்டபிள்யூ தன் ஆர்12 வண்டியில் ஆயிலால் தணிக்கப்படும் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கைக் கொடுத்த காலத்திலிருந்து இந்த வேலைப் பங்கீடு மாறவில்லை. நம் 100, 125 சிசி வண்டிகளில் இருப்பது அதன் எளிய வடிவம்: குழாய்க்குள் ஒரு தண்டு, தண்டில் சில துளைகள். சக்கரம் ஏறி இறங்கும்போது ஆயில் அந்தத் துளைகள் வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும். துளையின் அளவு மாறாது. அதனால் அமுங்கும் வேகம் இரட்டிப்பானால், தடை ஏறத்தாழ நான்கு மடங்காகிறது.

பட்டறையில் அமுக்கிக் காட்டும் சோதனை ஏன் ஏமாற்றுகிறது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. கையால் அமுக்கும் வேகம் மிகக் குறைவு. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் உடைந்த தார்விளிம்பில் சக்கரம் மோதும்போது ஃபோர்க் அமுங்க வேண்டிய வேகமோ அதைப்போலப் பல மடங்கு. மெதுவான அசைவில் 'ஸ்டெடி'யாகத் தெரியும் ஃபோர்க், வேகமான அடியில் வழிவிட மறுத்து இரும்புக் கம்பியாகிவிடுகிறது. அடி நேராகக் கைக்கு வருகிறது. 40 டிகிரி வெப்பத்தில் 20டபிள்யூ-40 இன்ஜின் ஆயிலின் பாகுத்தன்மை, வழக்கமான 10டபிள்யூ ஃபோர்க் ஆயிலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஏற்கெனவே திணறும் துளைகளில் அதை ஊற்றிவிட்டு, வண்டி மெத்தென்று போகும் என்று எப்படி எதிர்பார்ப்பது?

கெட்டி ஆயில் ஊற்றினால் பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் குத்திக்கொண்டு இறங்குவது குறையும் என்பது உண்மை. நம்பிக்கை இத்தனை காலம் பிழைத்திருப்பதும் அதனால்தான். ஆனால் அந்த நிதானத்துக்கு ஈடாக எதை இழக்கிறோம்? ஊர் எல்லைகளில் வரிசையாகப் போட்டிருக்கும் வெள்ளைப் பட்டைகளில் ஓட்டிப் பாருங்கள். முதல் பட்டையில் அமுங்கிய ஃபோர்க், கெட்டி ஆயிலால் அடுத்த பட்டைக்குள் முழுதாக எழும்ப முடியாது. ஒவ்வொரு பட்டையிலும் இன்னும் கொஞ்சம் கீழேயே தங்கிவிடும். கடைசிப் பட்டைக்கு வரும்போது அமுங்குவதற்கு இடமே மிச்சமிருக்காது. மேட்டில் ஏறி இறங்கத் தெரியாத சக்கரம் சாலையை விட்டுத் துள்ளும். சாலையைத் தொடாத டயருக்குப் பிரேக் கிடையாது. மழை நாளில் இது வெறும் சொகுசுப் பிரச்சினை அல்ல.

அளவை மீறி ஊற்றுவதும் இதே ரகம்தான். ஆயிலுக்கு மேலே இருக்கும் காற்றுக்கும் ஸ்பிரிங்போல ஒரு வேலை உண்டு. ஆயில் கூடினால் காற்றுக்கான இடம் சுருங்கி, பாதி அமுங்கும் முன்பே ஃபோர்க் இறுகிவிடும். அடுத்து ஆயில் சீல் பிதுங்கும்.

இன்னொரு வைத்தியம், ஸ்பிரிங்குக்கு மேல் வாஷர் போட்டு இறுக்குவது. இதனால் ஸ்பிரிங் கடினமாகிறது என்று நினைக்கிறார்கள். ஸ்பிரிங்கின் கடினம் அதன் கம்பியிலும் சுற்றுகளிலும் இருக்கிறது; இறுக்கினால் முன்பக்கம் உயருமே தவிர அது மாறாது. 120 மில்லிமீட்டர் அசையும் ஃபோர்க் என்றால், ஓட்டுபவர் ஏறி உட்காரும்போது 30 முதல் 40 மில்லிமீட்டர் வரை இறங்கி நிற்க வேண்டும். பள்ளம் வந்தால் சக்கரம் கீழே நீண்டு தரையைத் தொட்டுக்கொண்டிருப்பது அந்த இறக்கத்தால்தான். வாஷர் போட்டு அதைத் தின்றுவிட்டால், பள்ளத்தில் சக்கரத்தோடு சேர்ந்து வண்டியே விழுகிறது. ஓட்டுபவர் உண்மையிலேயே கனமானவர் என்றால் தேவை கடினமான வேறு ஸ்பிரிங்.

சாலை மோசம், வேகத்தடை மோசம், ஃபோர்க் என்ன செய்யும் என்று கேட்பவர்களின் கோபம் நியாயமானது. இந்தியச் சாலைக் காங்கிரசின் 99ஆம் நெறிமுறை சொல்லும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. தெருமுனையில் ஒரு சட்டி தாரைக் கொட்டி எழுப்பும் மேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சரி, சாலை அப்படித்தான் என்றால், அசையத் தெரிந்த முன்பக்கம் இன்னும் அவசியமாகிறதே!

உதறல் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது டயரின் காற்று. பல 100 சிசி வண்டிகளின் முன்சக்கரத்துக்குக் கம்பெனி சொல்வது 25 பிஎஸ்ஐ. பங்க்கில் கேட்காமலே 35 வரை ஏற்றிவிடுகிறார்கள். பிறகு ஆக்சில். பஞ்சர் ஒட்டியவர் நட்டை அப்படியே முறுக்கிவிட்டால் இரண்டு ஃபோர்க் கால்களும் இணையாக நிற்காமல் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சிக்கும். நட்டைத் தளர்த்தி, முன்பக்கத்தைச் சில தடவை அமுக்கி எடுத்து, பிறகு முறுக்கினால் பல வண்டிகளில் வித்தியாசம் உடனே தெரியும். பிரேக் பிடிக்கும்போது 'டக்' என்றால் அது ஹேண்டில்பார் திரும்பும் இடத்துப் பேரிங்கான கோன் செட்டாக இருக்கலாம். இவையெல்லாம் சரியாக இருந்தும் உதறினால்தான் ஆயிலைத் தொட வேண்டும். அப்போதும் பழையதை முழுக்க வடித்துவிட்டு, கம்பெனி சொன்ன ரகத்தை, இரு கால்களிலும் ஒரே அளவில் ஊற்ற வேண்டும்.

ஃபோர்க்கின் இறுக்கத்தைத் திருகி மாற்றும் வசதியுள்ள வண்டி வைத்திருப்பவர்களும் இந்த மயக்கத்துக்குத் தப்பவில்லை. ஓசூரில் தயாராகும் அப்பாச்சி ஆர்ஆர் 310க்கு 2021 முதல் அப்படிப்பட்ட ஃபோர்க்கை டிவிஎஸ் விருப்பத்தேர்வாகக் கொடுக்கிறது. வாங்கியவுடன் எல்லாத் திருகையும் கடைசிவரை முறுக்கிவிட்டு, "ரேஸ் செட்டிங்" என்கிறார்கள். அது பந்தயத் தடத்தின் வழவழப்பான தாருக்குக்கூடப் பொருந்தாது. கம்பெனி அளவில் தொடங்குங்கள். தெரிந்த ஒரே சாலையில், ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும் ஒன்றிரண்டு கிளிக் மாற்றி ஓட்டிப் பாருங்கள்.

மற்றவர்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான். இன்ஜின் ஆயிலின் ரகமும் அளவும் சர்வீஸ் பில்லில் வருகிறது. ஃபோர்க் ஆயிலுக்கோ பெரும்பாலும் 'ஆயில் சேஞ்ச்' என்ற ஒரு வரியோடு சரி. எந்த ரகம், ஒவ்வொரு காலுக்கும் எத்தனை மில்லிலிட்டர் என்று அந்தப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் பட்டறையில் ஃபோர்க்கைக் கழற்ற விடாதீர்கள்.