சூரியன் உதித்த பின்பு



குமணன்சாவடியில் வீடு கட்டிக் குடியேறிய நம் சபையார் ஒருவர், துப்பாக்கி உரிமத்துக்கு விண்ணப்பித்திருப்பதாகவும் அதற்காக ஜெபிக்க வேண்டுமென்றும் என்னிடம் கேட்டார். "என் நிலத்தில் எவன் சுவரேறிக் குதித்தாலும் சுட எனக்கு உரிமை இல்லையா, ஐயா?" என்றார்.

நம் நாட்டில் துப்பாக்கி வைத்திருப்பது பிறப்புரிமையன்று. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் அரசு வழங்கும் அனுமதி. நிலத்தின் பட்டா அதற்கு ஈடாகாது. உரிமம் கிடைத்தாலும் சுவரேறியவனையெல்லாம் சுட்டுவிட முடியாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவு, சூரியன் மறைந்தபின் உதிக்குமுன் வீட்டை உடைத்து நுழைபவனைத் தடுக்கையில் அவன் இறந்தாலும் தற்காப்பாக ஏற்கிறது. அதுவும் தேவைக்கு மிஞ்சாதிருந்தால். உயிருக்கு ஆபத்தில்லாத வெறும் அத்துமீறலுக்கு 42ஆம் பிரிவு கொல்ல இடங்கொடுப்பதில்லை.

இனி யாத்திராகமம் 22:2, 3-ஐ வாசித்துப் பாருங்கள். கன்னமிடுகையில் அடிபட்டு இறந்த திருடனுக்காகப் பழியில்லை. சூரியன் உதித்திருந்தாலோ வீட்டுக்காரன் இரத்தப்பழி சுமக்கிறான். அங்கும் இங்கும் அதே சூரியன்! பகலில் திருடனின் முகம் தெரிகிறது. அயலாரைக் கூப்பிடவும் முடிகிறது. அப்போது வேதம் அவனிடம் கேட்பது உயிரையன்று, எடுத்ததற்கு ஈட்டை.

அந்தச் சகோதரரின் அச்சத்தை நான் இகழவில்லை. உரிமத்துக்காக ஜெபிக்க மட்டும் என் மனம் இடங்கொடுக்கவில்லை. அவர் வீட்டாரின் பாதுகாப்புக்காக ஜெபித்தேன், சுவரேறக்கூடியவனுக்காகவும் ஜெபித்தேன். அதற்கு ஆமென் சொல்ல அவர் சற்றுத் தாமதித்தார்.