ஓப்பல் கடெட்டுக்கு உரிய இடம்

ஜெர்மானியச் சிறு கார் என்று சொன்ன மாத்திரத்தில், மோட்டார் வாகனங்களைப் பற்றி ஓரளவு கேள்வி ஞானம் உள்ள எவருடைய மனத்திலும் முதலில் வந்து நிற்பது, வளைந்த முதுகும் உருண்டை விளக்குகளும் கொண்ட ஃபோக்ஸ்வேகன் பீட்டில். அடுத்தபடி அதன் வாரிசான கோல்ஃப். அவற்றின் கீர்த்தியைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. ஆனால், மேற்கு ஐரோப்பாவின் சாமான்யக் குடும்பங்களைச் சொந்த வாகனத்தில் ஏற்றி உட்கார வைத்த காரியத்தில் அவ்விரண்டோடும் தோள் சேர்ந்து உழைத்ததோடு, தன் உருவத்தையும் யந்திரத்தையும் அரை டஜன் தேசங்களுக்குக் கொடுத்துவிட்டு, கடைசியில் தன் பெயரையே இழந்து நின்ற ஓப்பல் கடெட்டை இந்த வரிசையில் நாம் சேர்க்காமல் விடுவது நியாயமன்று என்பது என் அபிப்பிராயம்.

ருஸ்ஸல்ஸ்ஹைம் என்னும் ஊரில் 1862-ஆம் ஆண்டு தையல் யந்திரம் செய்யத் தொடங்கி, பிறகு சைக்கிளுக்கும், 1899-இல் மோட்டார் வாகனத்துக்கும் வந்து சேர்ந்த ஓப்பல் ஸ்தாபனம், 1929-இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வசமாயிற்று. ஆகவே 1936-இன் இறுதியில் முதல் கடெட் வெளிவந்தபோதே, முதலாளி அமெரிக்கர், தொழிலாளி ஜெர்மானியர் என்ற கலப்பு அமைந்துவிட்டது. சட்டகம் ஒன்றைச் செய்து அதன்மேல் உடலைத் தனியே ஏற்றி வைக்கும் பழைய சம்பிரதாயத்தை விட்டு, எஃகுத் தகட்டாலான உடலே முழுப் பாரத்தையும் தாங்கும்படி அமைக்கும் புது முறையை, முந்திய ஆண்டில் வந்த தன் ஒலிம்பியா காரில் கையாண்டு பார்த்திருந்த ஓப்பல், அதே முறையில் இந்தச் சிறிய காரையும் ஆக்கி, 1.1 லிட்டர் கொள்ளளவும் 23 குதிரைசக்தியும் உள்ள எஞ்சினை அதில் பொருத்தியது. அக்காலத்தில்தான் ஹிட்லரின் ஆட்சி 'மக்கள் கார்' தருவதாக முழங்கி, வாரம் ஐந்து மார்க் வீதம் சேமிப்பு வில்லை ஒட்டிவரச் சொல்லி, மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவர்களிடம் பணத்தை வாங்கிக்கொண்டு, அவர்களுள் ஒருவருக்கும் வண்டியைக் கொடுக்காமலே யுத்தத்தில் இறங்கியது. கடெட்டின் விலையும் ஆலைத் தொழிலாளிக்கு எட்டும் விலையாக இருக்கவில்லை என்பது உண்மையே. ஆயினும், மக்கள் கார் வாக்குறுதியாகவே இருந்த அந்நாட்களில், 1940-இல் உற்பத்தி நிற்பதற்குள், ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கடெட்டுகள் மெய்யாகவே வீதியில் ஓடிக்கொண்டிருந்தன.

யுத்தம் முடிந்ததும் இந்த வண்டியின் வடிவம் இழப்பீட்டுக் கணக்கில் சோவியத் நாட்டைச் சேர, நான்கு கதவுள்ள கடெட்டே 'மாஸ்க்விச் 400' என்னும் நாமம் பூண்டு மாஸ்கோவில் உற்பத்தியாயிற்று. இழந்தவர்களுக்கு அது வருத்தமாகவே இருந்திருக்கும். ஆனால் ஜெர்மானியர் தம் நாட்டில் புதிய கடெட் வாங்க முடியாதிருந்த பத்தாண்டுக் காலத்தில், ருஷ்யக் குடிமக்கள் வேறொரு பெயரில் அதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதை எண்ணும்போது, ஒரு வண்டிக்குத் தேசம் கற்பிப்பது எவ்வளவு வியர்த்தமான வேலை என்று தோன்றாமல் இல்லை.

இடையில் 22 ஆண்டுகள் கழிந்தன. மைதானம் முழுவதும் பீட்டிலுக்கே உரியதாயிற்று. 1962-இல் ஓப்பல் மறுபடி கடெட்டைக் கொண்டுவந்தபோது அதற்கென்று தேர்ந்துகொண்ட இடம் போகும் என்னும் நகரம். ரூர் பிரதேசத்தின் நிலக்கரிச் சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு வந்த காலம் அது. கைவிடப்பட்ட ஒரு சுரங்கத்தின் நிலத்திலேயே புதிய கார்த் தொழிற்சாலை எழுந்தது. பூமிக்கு அடியில் கரி வெட்டிய கைகளுள் பல, மேலே வந்து தகடு பற்றவைக்கக் கற்றுக்கொண்டன. இதைவிட முக்கியமான விஷயம் கடெட்டின் சரித்திரத்தில் வேறு இல்லை என்பேன். அங்கே பிறந்த வண்டியும் பீட்டிலுக்கு எல்லா விதத்திலும் நேர் எதிரானது. பீட்டிலில் எஞ்சின் பின்னால், குளிர்விப்பது காற்று. கடெட்டில் எஞ்சின் முன்னால், குளிர்விப்பது தண்ணீர். 993 கன சென்டிமீட்டர் எஞ்சின் 40 குதிரைசக்தி தந்தது. அதைவிடப் பெரிய 1.2 லிட்டர் எஞ்சின் கொண்ட பீட்டில் தந்தது 34. வண்டியின் எடையோ 700 கிலோவுக்கும் குறைவு. நாற்புறமும் அகன்ற கண்ணாடி, குடும்பத்தின் பெட்டி படுக்கைகளை வைக்கப் பின்னால் விசாலமான இடம், குளிர்காலத்தில் ஒழுங்காக வெப்பம் தரும் ஹீட்டர் ஆகிய இந்தச் சாதாரண சௌகரியங்களின் பலத்திலேயே மூன்றே ஆண்டுகளில் ஏறத்தாழ ஆறரை இலட்சம் கார்கள் விற்றுப்போயின.

கடெட்டின் தனிப் பண்பு என்று நான் மதிப்பது, ஒரே அடித்தளத்தின்மேல் எத்தனை வகை மனிதருக்கும் ஏற்ற உருவத்தை எழுப்பிக் காட்டிய அதன் நெகிழ்வுதான். 1965 முதல் 1973 வரை வந்த இரண்டாம் தலைமுறையில், ஏறத்தாழ 27 இலட்சம் வண்டிகள் உருண்ட அந்தக் காலத்தில், இது உச்சத்துக்குப் போயிற்று. இரண்டு கதவும் நான்கு கதவும் உள்ள செடான். கடைக்காரருக்கும் பிள்ளைகுட்டிக்காரருக்கும் உகந்த 'காரவான்' என்ற ஸ்டேஷன் வேகன். பின்தூணில் மீனின் செவுள் போன்ற கீற்றுகளுடன் இளைஞரைக் கவர்ந்த கூப்பே. பந்தயப் பிரியர்களுக்கு 'ராலி'. அந்தஸ்து தேடுவோருக்குப் பழைய ஒலிம்பியா பெயரில் அலங்காரம் கூடிய ஒன்று. இவ்வளவும் போதாதென்று, அதே கடெட்டின் அடிப்பாகங்களைக் கொண்டு, உடலைப் பிரான்சில் செய்வித்து, 1968-இல் ஓப்பல் ஜி.டி. என்ற இருவர் அமரும் அழகியையும் உலவவிட்டார்கள். கணக்கெழுதும் குமாஸ்தாவின் வண்டியும் அந்த அழகியும் உள்ளுக்குள் ஒரே குலம்.

குறைகளை மறைப்பது பத்திரிகை தர்மமன்று. தகடு துருப்பிடிப்பதில் அக்காலத்துக் கடெட்டுகள் பெயர் பெற்றவை. அமெரிக்காவில் ப்யூக் முகவர்கள் மூலம் விற்கப்பட்டபோது, 1968-இல் அங்குள்ள ஒரு கார்ப் பத்திரிகை கடெட்டை உடைந்த வண்டிகள் கிடக்கும் காயலான் கடையில் நிறுத்திப் படமெடுத்து, ஈவிரக்கமின்றி விமர்சித்தது. ஓப்பலின் யந்திர வல்லுநர்கள் ஜாக்கிரதை மிகுந்தவர்களாதலால், 1974-இல் கோல்ஃப் முன்சக்கர இயக்கத்தோடு வந்து எல்லோரையும் திகைக்க வைத்தபோதும், கடெட் பின்சக்கர இயக்கத்தையே பற்றிக்கொண்டு மேலும் ஐந்து ஆண்டுகளைக் கடத்தியது. அந்தத் தாமதத்துக்கு நான் சமாதானம் சொல்ல முயலவில்லை.

ஆனால் அந்தப் பின்சக்கர மூன்றாம் தலைமுறைதான், ஜெனரல் மோட்டார்ஸ் உலகம் முழுவதற்குமாக வகுத்த ஒரே திட்டத்தின் ஜெர்மானியக் கிளை. ஷெவெட் என்ற பெயரில் 1973-இல் அது முதலில் வெளிவந்தது பிரேஸிலில். சில மாதங்கள் கழித்தே ஜெர்மனியில் கடெட்டாக வந்தது. அடுத்தடுத்த ஆண்டுகளில் ஜப்பானில் ஐசுசு ஜெமினியாகவும், ஆஸ்திரேலியாவில் ஹோல்டன் ஜெமினியாகவும், பிரிட்டனில் வாக்ஸ்ஹால் ஷெவெட்டாகவும் அது பிறந்துகொண்டே போயிற்று. 'ஜெர்மானியத் தயாரிப்பு' என்பதை ஏதோ மந்திர உச்சாடனம்போல் சொல்லிக்கொள்பவர்கள், இந்தப் பெயர்ப் பட்டியலை ஒரு முறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

1979-இல் வந்த நான்காம் தலைமுறை ஒருவாறு முன்சக்கர இயக்கத்துக்கு மாறி, குறுக்கே வைத்த எஞ்சினும், பின்புறம் மேலே திறக்கும் கதவுமாக, கோல்ஃபுக்குச் சரியான எதிரியாயிற்று. பழுது பார்ப்பவர்கள் இந்த வண்டியை விரும்பியதற்குத் தனிக் காரணம் உண்டு: கிளட்ச் தட்டு தேய்ந்துபோனால், கியர் பாக்ஸை இறக்காமலே அதை மாற்றிவிடலாம். விளம்பரங்களில் இடம்பெறாத இப்படிப்பட்ட யோசனைகளில்தான், வண்டியைச் செய்தவன் அதை வைத்திருக்கப்போகிறவனையும் நினைத்தான் என்பது தெரியவருகிறது.

1984-இல் வந்த ஐந்தாம் தலைமுறை, காற்றைக் கிழித்துச் செல்லும் நீர்த்துளி உருவத்தோடு வந்து, ஐரோப்பாவின் 1985-ஆம் ஆண்டுச் சிறந்த கார் என்ற விருதை வாங்கியது, ஜி.எஸ்.ஐ. என்ற வேக வகையில் முள்ளை நீக்கி எண்களாலேயே வேகத்தைக் காட்டினார்கள், இத்தாலியின் பெர்த்தோனே ஸ்தாபனம் மடக்கும் கூரை வைத்த வகை ஒன்றைச் செய்து தந்தது. ஏறத்தாழ 38 இலட்சம் விற்ற இந்தத் தலைமுறையோடு சேர்த்தால் யுத்தத்துக்குப் பிந்திய கடெட்டுகளின் தொகை ஒரு கோடியைத் தாண்டும். அதன்பின் 1991-இல், பிரிட்டனில் வாக்ஸ்ஹால் ஏற்கனவே வழங்கிவந்த ஆஸ்ட்ரா என்ற பெயரே எங்கும் இருக்கட்டும் என்று தீர்மானித்து, கடெட் என்ற பெயரை ஏறக்கட்டினார்கள்.

கதை அத்தோடு முடியவில்லை. அது நம் நாட்டுக்கும் வந்தது. ஐந்தாம் தலைமுறைக் கடெட்டின் உடலை வாங்கித் தென் கொரியாவின் டேவூ ஸ்தாபனம் முதலில் லெமான்ஸ் என்றும், முகத்தைத் திருத்திய பிறகு நெக்ஸியா என்றும், சியலோ என்றும் பெயரிட்டு விற்றது. டில்லிக்கு அருகே சூரஜ்பூரில் உற்பத்தியான சியலோ 1995 முதல் நம் சாலைகளிலும் ஓடிற்று. அடுத்த ஆண்டே குஜராத்தின் ஹாலோலில் தயாரான ஓப்பல் ஆஸ்ட்ராவும் சந்தைக்கு வந்தது. ஒன்றைக் கொரியக் கார் என்று சற்றே இளக்காரமாகவும், மற்றதை ஜெர்மன் கார் என்று மரியாதையாகவும் பேசியவர்கள் உண்டு. முன்னது கடெட்டின் பழைய உடல், பின்னது கடெட்டின் நேர் வாரிசு; இரண்டும் ஒரே வம்சம் என்பது அந்தப் பேச்சில் யாருக்கும் தடையாக இருந்ததாகத் தெரியவில்லை.

சுரங்க நிலத்தில் எழுந்த போகும் தொழிற்சாலையை 2014 டிசம்பரில் மூடிவிட்டார்கள். உஸ்பெகிஸ்தானின் அசாக்கா நகரிலோ, அந்தக் கடெட்டின் எலும்புக்கூட்டின்மேல் கட்டிய நெக்ஸியா அதற்குப் பின்னும் 2016 வரை உற்பத்தியாகிக்கொண்டிருந்தது. ஆகையால், 1991-இல் கடெட் முடிந்துவிட்டது என்று எழுதும் கணக்கை ஏற்க எனக்கு மனமில்லை.